தர்பூசணி: ‘வறட்சி தாங்கும்’ ரகம் என்று ஒன்று இருக்கிறதா? கொள்ளேகால் விவசாயிகள் விதை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜனவரி மாதம். மழைக்கால அறுவடை முடிந்து நிலம் காலியாக இருக்கிறது. போர்வெல்லில் இப்போதைக்குத் தண்ணீர் வருகிறது. ஏப்ரல் வரை வருமா என்பது உங்களுக்கே சந்தேகம். விதைக்கடையில் போய் நின்றால், "இந்த ரகம் போடுங்கண்ணா, வறட்சியைத் தாங்கும், தண்ணி கம்மியா இருந்தாலும் காய் நிக்கும்" என்கிறார் கடைக்காரர்.

நம்பி வாங்கலாமா?

தர்பூசணி இரண்டரை, மூன்று மாதத்தில் பணம் பார்க்க வைக்கும் பயிர். அதே வேகத்தில் கையைக் கடிக்கவும் செய்யும். விதை, மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர்க் குழாய், அடியுரம் என்று செலவில் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே இறங்கிவிடும். காய் பெருக்கும் நேரத்தில் போர் நின்றுபோனால் போட்ட காசு மண்ணோடு போச்சு. அதனால் ‘வறட்சி தாங்கும்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கொள்ளேகாலில் ஏன் இந்தக் கேள்வி முக்கியம்?

கொள்ளேகால் இன்று கர்நாடகாவின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1990களின் கடைசியில் அந்த மாவட்டம் பிரிக்கப்படும் வரை மைசூரு மாவட்டம். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படுவதற்கு முன்பு, மதராஸ் மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த ஊர். அந்தப் பக்கம் கன்னடத்தில் ‘கல்லங்கடி’ என்கிறார்கள். தமிழில் தர்பூசணி, கோசாப்பழம், தண்ணிப்பழம், இலங்கையில் வத்தகப்பழம். பெயர் எதுவானாலும் பிரச்னை ஒன்றுதான்: தண்ணீர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் இளைத்துப்போய் வருகிறது. சாமராஜநகர் மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை சுமார் 750 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி மே மாதத்தில் ஒரு தடவை, செப்டம்பர், அக்டோபரில் ஒரு தடவை என்று வந்து போய்விடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஏறக்குறைய வெறுமைதான். சிவனசமுத்திரம் பக்கம் காவிரி ஓடினாலும், கால்வாய் எட்டாத செம்மண் மேட்டு நிலங்களுக்குப் போர்வெல்லை விட்டால் வேறு வழி கிடையாது.

2023-ல் கர்நாடகாவின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதற்கடுத்த கோடையில் எத்தனையோ போர்கள் கைவிட்டன. கோடை தர்பூசணி போடுகிற யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர்ப் பழம், ஆனால் வறண்ட மண்ணில் பிறந்தது

தர்பூசணிப் பழத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஆனால் அந்தக் கொடியின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலம். சூடான் நாட்டின் கொர்டோஃபான் பகுதியில் வளரும் ஒரு வகைதான் இன்றைய இனிப்புத் தர்பூசணிக்கு மிக நெருங்கிய சொந்தம் என்று 2021-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

அதன் ஒன்றுவிட்ட உறவுகள் இன்னும் கடினமானவை. தெற்கு ஆப்பிரிக்காவின் காலஹாரி பாலைவனத்தில் ‘ட்சம்மா’ என்ற காட்டு வகை உண்டு. தண்ணீர் கிடைக்காத மாதங்களில் அங்குள்ள சான் மக்களுக்கு அந்தக் காய்தான் குடிநீர். இன்னொரு உறவு நம் ஊரிலேயே இருக்கிறது. மணல் காட்டிலும் வறண்ட ஆற்றுப்படுகையிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே படர்ந்து கிடக்குமே, அந்தப் பேய்க்குமட்டி என்கிற ஆற்றுத்தும்மட்டி. அதுவும் தர்பூசணியும் ஒரே பேரினம். ஆனால் கடித்தால் வாய் முழுக்கக் கசப்பு.

ஆக, தர்பூசணிக் குடும்பத்தில் வறட்சியைத் தாங்கும் குணம் நிச்சயமாக உண்டு. அந்தக் குணம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

காட்டுக் கொடி எப்படித் தாக்குப் பிடிக்கிறது?

தண்ணீர் குறைந்ததும் எந்தச் செடியும் முதலில் செய்வது, இலையிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்வது. நீராவி வெளியேறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் துளையை மூடினால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. வெயிலோ அடித்துக்கொண்டே இருக்கும். பயன்படாமல் போன அந்த ஒளி ஆற்றல், செல்லுக்குள் தீங்கான மூலக்கூறுகளை உருவாக்கும். அவை இலையை உள்ளிருந்தே அரித்துவிடும். சாதாரண செடி கருகுவது இப்படித்தான்.

ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், காலஹாரியிலிருந்து கொண்டுவந்த காட்டுத் தர்பூசணியைத் தண்ணீர் இல்லாமல் காயவிட்டுப் பார்த்தார்கள். இலைகளில் ‘சிட்ருலின்’ என்ற அமினோ அமிலம் ஏராளமாகச் சேர்ந்தது. அது அந்தத் தீங்கான மூலக்கூறுகளைப் பிடித்து அடக்கிவிடுகிறது என்று 2001-ல் எழுதினார்கள். சிட்ருலின் என்ற பெயரே தர்பூசணியின் அறிவியல் பெயரான ‘சிட்ருலஸ்’ என்பதிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது ஆயுதம் வேர். வறட்சி தொடங்கியதும் இந்தக் காட்டுக் கொடி வேரை இன்னும் ஆழமாக இறக்குகிறது. பேய்க்குமட்டியும் அப்படித்தான். ஆழத்திலிருந்து தண்ணீரை இழுத்து, இலை வழியாக ஆவியாக விட்டு, தகிக்கிற வெயிலிலும் இலையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்கிறது. அதாவது, தண்ணீரைச் சிக்கனம் பிடித்துப் பிழைக்கிற செடி வேறு, ஆழத்தில் தேடிக் குடித்துப் பிழைக்கிற செடி வேறு. இரண்டாவது வகையின் குணத்தை வாங்கிய ரகம், அடியில் ஈரமே இல்லாத நிலத்தில் கைகொடுக்காது.

இனிப்பைத் தேடினோம், எதை விட்டோம்?

பல தலைமுறைகளாக மனிதன் தேர்ந்தெடுத்தது இனிப்பு, சிவப்பு, பெரிய பழம் இவற்றைத்தான். தண்ணீரும் உரமும் கிடைக்கும் தோட்டத்தில் வைத்துத்தான் பெரும்பாலான வணிக ரகங்கள் தேர்வு செய்யப்பட்டன. வறட்சி அங்கே பரீட்சையாகவே வைக்கப்படவில்லை.

உலகெங்கும் சேகரித்த 800-க்கும் மேற்பட்ட தர்பூசணி வகைகளை நாற்றுப் பருவத்தில் காயவிட்டுச் சோதித்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. வறட்சியை மிக நன்றாகத் தாங்கியவை சிலதான். அவையும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. நாம் ஆசையாகச் சாப்பிடும் இனிப்பு வகைகள் அந்த வரிசையில் முன்னால் நிற்கவில்லை.

அந்தக் குணத்தை இனிப்புப் பழத்துக்குள் கொண்டுவர முடியாதா? முடியும், ஆனால் மெதுவாகத்தான் நடக்கும். காட்டு வகையோடு ஒட்டு சேர்த்தால் வறட்சிக் குணத்தோடு கசப்பு, வெளிறிய சதை, கெட்டித் தோல் எல்லாம் கூடவே வந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றப் பல தலைமுறை விதை எடுக்க வேண்டும்.

இந்தியாவில் எந்த ரகத்துக்கு வறட்சிப் பின்னணி உண்டு?

இங்கே ராஜஸ்தானைப் பார்க்க வேண்டும். தார் பாலைவனத்தில் ‘மத்தீரா’ என்ற நாட்டுத் தர்பூசணியை மழையை மட்டும் நம்பி மணலில் விதைக்கும் வழக்கம் நீண்டகாலமாக உண்டு. எல்லையில் காய்த்த ஒரு மத்தீரா யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் 1644-ல் பிகானேருக்கும் நாகௌருக்கும் சண்டையே நடந்ததாக அங்கே சொல்வார்கள்.

அந்த நாட்டு வகையிலிருந்து தேர்வு செய்யப்பட்டதுதான் ‘தார் மாணக்’. பிகானேரில் உள்ள மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம் வெளியிட்டது. வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே அங்கேயே தேர்ந்தெடுத்த ரகம். அதே மாநிலத்தின் துர்காபுரா ஆராய்ச்சி நிலையம் ‘துர்காபுரா மீட்டா’, ‘துர்காபுரா கேசர்’ என்ற ரகங்களைத் தந்தது.

கொள்ளேகாலுக்குப் பக்கமாக வந்தால், பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். அதன் ‘அர்கா ஜோதி’ கலப்பின ரகத்தின் தாய் தந்தையரில் ஒன்று ராஜஸ்தான் சேகரிப்பு, இன்னொன்று அமெரிக்காவின் ‘கிரிம்சன் ஸ்வீட்’. அதே நிறுவனத்தின் ‘அர்கா மாணிக்’ இனிப்புக்கும், சாம்பல் நோய் உள்ளிட்ட மூன்று நோய்களைத் தாங்குவதற்கும் பெயர் பெற்றது. கவனியுங்கள், அது நோய் தாங்கும் ரகம். நோய் தாங்குவதும் வறட்சி தாங்குவதும் வேறு வேறு. கடைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ராஜஸ்தான் ரகத்தை அப்படியே கொள்ளேகாலுக்குக் கொண்டுவரலாமா என்றால், அங்கே மணல், இங்கே செம்மண். அங்கே மத்தீரா வளர்வது மழைக்காலத்தில், நீங்கள் போடுவது கோடையில். முதல் வருடம் நாலு வரிசை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வதே நல்லது.

தாங்குவது ஒன்று, தப்பிப்பது இன்னொன்று

வறட்சியை எதிர்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. வறட்சி வரும் முன்பே காய்த்து முடித்துவிடுவது. போர்வெல் விவசாயிக்கு உண்மையில் அதிகம் உதவுவது இந்தக் குணம்தான்.

துர்காபுரா மீட்டா முதிர ஏறக்குறைய 125 நாள். அர்கா மாணிக் 100 நாளைத் தாண்டும். சுகர் பேபி 80 முதல் 90 நாள். அர்கா முத்து 75 முதல் 80 நாளில் வந்துவிடும். அதன் கொடியும் குட்டை, ஒன்றேகால் மீட்டர் அளவுதான் ஓடும். சந்தையில் இருக்கும் சிறிய ‘ஐஸ் பாக்ஸ்’ வகைக் கலப்பினங்கள் 60, 70 நாளிலேயே வெட்டுக்கு வரும்.

ஜனவரி 15-ல் விதைத்தால் 70 நாள் ரகம் மார்ச் கடைசியில் லாரி ஏறிவிடும். 110 நாள் ரகமோ ஏப்ரல் கடைசிவரை, அதாவது போர் இளைக்கும் காலம் முழுக்க, தண்ணீர் கேட்டுக்கொண்டே நிற்கும். குறுகிய காலக் கொடி வறட்சியைத் தாங்குகிற செடி அல்ல. ஆனாலும் உங்கள் காசைக் காப்பாற்ற அதற்கு வாய்ப்பு அதிகம்.

தோலையும் பாருங்கள். தண்ணீர் குறைந்து இலை சுருங்கினால் காய்மேல் நேரடியாக வெயில் விழும். சுகர் பேபி மாதிரி கரும்பச்சைத் தோல் சீக்கிரம் வெந்துபோகும். 1954-ல் அமெரிக்காவில் வெளியான ‘சார்ல்ஸ்டன் கிரே’ போன்ற வெளிர் நிறத் தோல் அந்தச் சூட்டைக் கொஞ்சம் அதிகம் தாங்கும்.

எந்த வாரம் தண்ணீர் குறைந்தால் எவ்வளவு நஷ்டம்?

ரகத்தைவிட இதுதான் கணக்கை மாற்றும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் வெளியிட்ட கையேடு, தர்பூசணிக்கு ஒவ்வொரு பருவத்திலும் தண்ணீர் குறைந்தால் மகசூல் எவ்வளவு குறையும் என்று கணக்குச் சொல்கிறது.

பூப்பூத்துப் பிஞ்சு பிடிக்கும்போதும் காய் பெருக்கும்போதும் தேவையில் 10 சதவீதம் குறைந்தால், மகசூல் சுமார் 8 சதவீதம் குறையும். பழுக்கும் கட்டத்தில் அதே 10 சதவீதம் குறைந்தால் நஷ்டம் சுமார் 3 சதவீதம் மட்டுமே. பயிர்க்காலம் முழுக்கவே 10 சதவீதம் குறைவாகப் பாய்ச்சினால் சுமார் 11 சதவீதம் போய்விடும்.

காரணம் எளிது. பெண் பூ ஒரே ஒரு நாள், அதுவும் காலையில்தான் விரிகிறது. அன்றைக்குக் கொடி வாடியிருந்தால் பிஞ்சு நிற்காது, நின்றாலும் கோணல் மாணலாகும். காய் பெருக்கும்போது ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் பாய்ச்சல் என்று விட்டால் காயின் நுனி கறுக்கும். காய்ந்து கிடந்த கொடிக்குத் திடீரென்று நிறைய விட்டால் மெல்லிய தோல் ரகங்கள் வெடிக்கும்.

பழுக்கும் கட்டத்தில் நிலைமை வேறு. கடைசி ஏழு, பத்து நாளில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இனிப்புக் கூடும். ஆகவே சேமிக்க வேண்டியிருந்தால் கடைசியில் சேமியுங்கள், நடுவில் வேண்டாம்.

வேரை மாற்றினால் என்ன?

ரகத்தை மாற்றாமல் வேரை மட்டும் மாற்றும் வழியும் இருக்கிறது, ஒட்டு நாற்று. தர்பூசணித் தளிரைச் சுரை அல்லது பூசணி நாற்றின் வேர்மேல் ஒட்டுவது. 1920களில் ஜப்பானில் மண்ணிலிருந்து வரும் வாடல் நோயைச் சமாளிக்கத் தொடங்கிய முறை இது. தண்ணீரைக் குறைத்து வளர்த்தாலும் ஒட்டுச்செடி அதிக மகசூல் தந்ததை இத்தாலியில் சிறிய ரகத் தர்பூசணியில் 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. நாற்று விலை கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

காசு செலவில்லாத ஒரு விஷயமும் உண்டு. குழித்தட்டில் வளர்த்த நாற்றை நட்டால் வயலில் பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீர் மிச்சம். ஆனால் தட்டில் ஆணிவேர் நேராக இறங்க இடமில்லை. நேரடியாக விதைத்த செடிக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். அடி மண்ணில் ஈரம் இருக்கும் நிலத்தில் நேரடி விதைப்பு நல்லது. அடியில் பாறைதான் என்றால் நாற்றே மேல்.

உங்கள் போர் எத்தனை ஏக்கரைத் தாங்கும்?

விதைக்கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம். 200 லிட்டர் டிரம் ஒன்றை எடுத்துப் போர் குழாயின் கீழே வையுங்கள். ஆன் செய்ததும் அளக்காதீர்கள், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அளங்கள். டிரம் நிரம்ப மூன்று நிமிடம் ஆனால் மணிக்கு 4,000 லிட்டர். கர்நாடகாவில் பம்ப் செட்டுக்குத் தினம் ஏழு மணி நேரம் மும்முனை மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 28,000 லிட்டர்.

இப்போது செடியின் தேவை. கோடையில் காய் பெருக்கும்போது தர்பூசணிக்குத் தினம் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 4,000 லிட்டர். ஆக ஏக்கருக்குத் தினம் 20,000 லிட்டர். சொட்டுநீரும் மல்ச்சிங் ஷீட்டும் மண்ணிலிருந்து ஆவியாவதைத் தடுக்கும், ஆனால் செடி குடிப்பதைக் குறைக்காது.

28,000 லிட்டர் போருக்கு ஒரு ஏக்கர் தாராளம், ஒன்றரை ஏக்கர் இழுபறி, இரண்டு ஏக்கர் முடியாது. எந்த ரகம் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அதிலும் ஜனவரியில் மூன்று நிமிடத்தில் நிரம்பும் டிரம், மார்ச்சில் ஐந்து நிமிடம் எடுக்கலாம். அப்போது கிடைப்பது 17,000 லிட்டருக்கும் கீழே. போன வருட மார்ச், ஏப்ரலில் உங்கள் போர் எப்படி ஓடியது என்பதுதான் சரியான அளவுகோல். "ரெண்டு ஏக்கர் போட்டுட்டு வறட்சி தாங்கும்னு நம்பறதைவிட, ஒரு ஏக்கர் போட்டு முழுசா எடுக்கறது மேல்" என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

விதை வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

எத்தனை நாளில் வெட்டு? அந்த நாள் கணக்கு விதைத்த நாளிலிருந்தா, நாற்று நட்ட நாளிலிருந்தா?

வறட்சி தாங்கும் என்றால் எந்தப் பருவத்தில், எந்த ஊரில் சோதித்தது? செடி பிழைத்ததா, மகசூலும் வந்ததா? இந்த இரண்டுக்கும் நடுவே நிறைய வித்தியாசம் இருக்கிறது. காயில்லாமல் பச்சையாக நிற்கும் கொடியால் யாருக்கும் லாபமில்லை.

தோல் தடிமன் எவ்வளவு, என்ன நிறம்? உங்கள் வியாபாரி எந்த எடைப் பழத்தை எடுப்பார்?

கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால், சாமராஜநகர் பக்கம் ஹரதனஹள்ளியில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். தாளவாடி, சத்தியமங்கலம் பக்கத்துக்காரர்கள் தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

கடைசியாக, பில் கேட்டு வாங்குங்கள். விதைப் பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலிருக்கும் தொகுதி எண் தேவைப்படும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான், விதை ஏமாற்றினால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ‘வறட்சி தாங்கும்’ என்று வாயால் சொன்ன வார்த்தைக்குச் சாட்சி கிடையாது. பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.